மாமனார் பார்த்த ஆபீஸ் வேலை

அந்த வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான்: மாமனார் படுத்திருக்கும் அறையின் ஜன்னலில். கூடத்துக்கு வந்தால் பாதியாகும், சமையலறைக்குப் போனால் அதுவும் இருக்காது. வீடு பார்க்க வந்த அன்று குழாயைத் திறந்து பார்த்தார்கள், கதவைத் தட்டிப் பார்த்தார்கள், சுவரில் ஈரம் கசிகிறதா என்று தடவிக்கூடப் பார்த்தார்கள். போனை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத சாமான் ஒன்று இல்லாமல் குடித்தனம் நடக்காது என்று அப்போது யார் கண்டார்கள்.

மருமகளுக்கு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் வேலை. கடைகளும் ஆஸ்பத்திரிகளும் கேட்கிற மருந்தை, கிடங்கில் இருப்பு பார்த்து, எந்த லாரியில் எது போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் பிரிவு. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். கெட்டிக்காரிகளிடம் ஒரு தொல்லை உண்டு, எதைச் செய்தாலும் அதில் ரெண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். இவளும் பார்த்தாள்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையும் காதும் நாக்கும் புத்தியும் தப்பின. "பாதி ரயில்தான் கவுந்திருக்கு, மீதிப் பாதியில பயணிகள் எல்லாரும் பத்திரம்" என்று பார்க்க வந்தவர்களுக்கு அவரே ஆறுதல் சொல்லி அனுப்பினார். தினமும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, நேற்று போட்டதற்கும் இன்று போட்டதற்கும் எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வார். உடம்பு போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. புத்தி இருக்கிறதே என்ற கர்வம் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

அவர் மகன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரில்தான். ஆகவே மருமகளை விட்டால் அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். நீளமான அறை, வரிசையாகக் கட்டில், எதிர்ச் சுவரில் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. ஜன்னல் இருந்தது, கட்டிலில் படுத்தால் எட்டாத உயரத்தில். மாமனார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அங்க போனா எனக்கு எல்லாரையும் எழுப்பி டிக்கெட் கேக்கத் தோணும்மா, வேண்டாம்" என்றார். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் மேனேஜரம்மா முன்னால் போய் நின்று, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டாள். அந்தக் கம்பெனியில் அதுவரை யாருக்கும் தந்ததில்லை. மேனேஜரம்மா யோசித்து, சிஸ்டம் பிரிவுத் தலைவரிடம் அனுப்பினாள். அந்த மனிதர் எதற்கெடுத்தாலும் 'பூட்டிட்டீங்களா, பூட்டுங்க' என்பவர், ஆபீஸ் முழுக்க அவருக்குப் பெயர் பூட்டு. பூட்டு அவளிடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, அதில் வி.பி.என். போட்டுத் தந்தார். வீட்டில் உட்கார்ந்துகொண்டே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய அது ஒரு தனிவழி, நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு போட்டதும் அவள் போனில் ஒரு கேள்வி வரும்: 'உள்ளே வருவது நீங்கள்தானா?' பச்சையைத் தொட்டால் வழி திறக்கும், சிவப்பைத் தொட்டால் மூடும். இந்தப் போன் வீட்டுச் சாவி மாதிரி, இன்னொருத்தர் கையில் தந்தது தெரிந்தால் அனுமதி அன்றோடு ரத்து என்று பூட்டு சொல்லியிருந்தார். ரத்தானால் மாமனார் அந்த நீள அறைக்குப் போக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அது அவளுக்கே தெரியும்.

சட்டம் ஆபீசில் சுலபமாகத்தான் இருந்தது. வீட்டில் போன் மாமனார் ஜன்னலில் இருந்தாக வேண்டும், அதிலிருந்துதான் லேப்டாப்புக்கும் இணையம் வர வேண்டும். அந்த அறையிலோ கட்டிலும் சக்கர நாற்காலியும் போக ஒரு முக்காலி போட இடமில்லை. லேப்டாப் கூடத்துச் சாப்பாட்டு மேசையில். சிக்னல் ஒரு நொடி சிணுங்கினால் வி.பி.என். அறுந்துபோகும், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி கேள்வி, மறுபடி அவள் ஜன்னலுக்கு ஓட வேண்டும். அடுப்பில் ஒரு கண், லேப்டாப்பில் ஒரு கண் என்று வீட்டுக்குள்ளேயே ரயில் விட்டுக்கொண்டிருந்தாள்.

பார்க்கச் சகிக்காமல் மாமனார்தான் முதலில் சொன்னார். "ஏம்மா இப்படி ஓடற. நான் பக்கத்துலயேதானே கிடக்கேன், நான் தொட்டா ஆகாதா?"

ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினாள், மலைக்குள் போகும் சுரங்கப்பாதை மாதிரி என்று உதாரணமும் கொடுத்தாள். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. சுரங்கத்து வாசலில் ஒருத்தன் நின்று டிக்கெட் கேட்கிறான், அவ்வளவுதானே என்றார்.

மறுநாளிலிருந்து மாமனார் வேலைக்குப் போனார். காலையில் இடது கையாலேயே முகம் மழித்துக்கொண்டு, துவைத்த சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனைத் தலையணை ஓரம் வைத்துக்கொள்வார். கேள்வி வந்ததும், "நீதானாம்மா?" என்று குரல் கொடுப்பார். "நான்தான் மாமா" என்று கூடத்திலிருந்து பதில் வந்தால்தான் பச்சை. ஒரு நாள் அவள் குளியலறையில் இருந்ததால் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து ஏன் தொடவில்லை என்று கேட்டதற்கு, பதில் இல்லாமல் எப்படி விடுவது என்று அவளையே கடிந்துகொண்டார். படுத்த நாளிலிருந்து மற்றவர்கள்தான் அவருக்கு எல்லாம் செய்தார்கள். அவரால் ஒருத்திக்கு ஒரு காரியம் ஆகிறது என்பது அவருக்கு மருந்தைவிட நன்றாக வேலை செய்தது.

சாயங்காலம் வரும் சிநேகிதரிடமும், தனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று பெருமை அடித்துக்கொண்டார், என்ன உத்தியோகம் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சிநேகிதர் ரயில் ஓட்டியவர். மாடிப்படி ஏறும்போது அவர் விடும் மூச்சு கீழ்வீடு வரை கேட்கும், அதனால் இன்ஜின் என்று பெயர். மருமகள் அவரைப் பெரியப்பா என்பாள். அவர் மகளும் இவளும் ஆபீசில் ஒரே பிரிவு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இன்ஜின் தினமும் சதுரங்கப் பலகையோடு வருவார். ஒரு சிப்பாய்க்காக இரண்டு கிழவர்களும் நாய் மாதிரிக் கத்திக்கொள்வார்கள். தொட்ட காயைத் திருப்பி வைக்க விட்டதில்லை. நோயாளி என்று ஒரு ஆட்டத்தைக்கூட இன்ஜின் விட்டுக்கொடுத்ததில்லை, விட்டுக்கொடுத்தால் மாமனார் பலகையைத் தூக்கி எறிந்திருப்பார்.

இப்படியே போயிருந்தால் கேடில்லை. ஒரு நாள் ஆபீசில் எல்லோரும் வீடியோவில் கூடினார்கள். மேனேஜரம்மா பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வி.பி.என். அறுந்து போயிற்று. வீடியோ மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் சத்தமில்லாமல் பாஸ்வேர்டைப் போட்டாள். உள்ளேயிருந்து மாமனார் ரயில்வே பிளாட்பாரத்துக் குரலில், "நீதானாம்மா?" என்றார். பதில் வராததால் இன்னும் உரக்க, "ஏம்மா, நீதானா?" என்றார். மைக்கை மூட மறந்து அவளும் "நான்தான் மாமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். யார் அது என்று பூட்டு மட்டும் சிரிக்காமல் கேட்டார். வாசலில் யாரோ வந்தார்கள், நானா என்று மாமனார் கேட்கிறார் என்று சமாளித்தாள். அது சின்னப் பொய். பின்னால் வந்ததற்கு முன் அது ஒன்றுமே இல்லை.

கூட்டம் முடிந்ததும் முகம் சூடு ஆறாமலே அறைக்குள் போனாள். "மாமா, இனிமே கேக்காதீங்க. வந்தா பேசாம பச்சையைத் தொட்டுடுங்க. என்னைத் தவிர வேற யாரு வரப்போறா?"

"கேக்காம எப்படிம்மா உள்ள விடறது?"

"தொடுங்க மாமா, போதும். நீங்க கேட்டா எனக்குத்தான் மானம் போகுது."

மாமனார் போனைத் தலையணை ஓரம் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரிம்மா, உன் ஆபீஸ்" என்றார். அன்றிலிருந்து வீடு அமைதியாக இருந்தது. அவளுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

அந்த வாரமே அது நடந்தது. அவர் படுக்கையில் ஈரம் உறிஞ்சப் போடும் விரிப்பு தீர்ந்துவிட்டதென்று அவள் வேலை நேரத்தில் கடைக்கு இறங்கினாள். போனை எடுத்துப் போனால் இணையம் அறுந்து அவள் இடத்தில் இல்லை என்று ஆபீசுக்குக் காட்டிக்கொடுக்கும். அதனால் லேப்டாப்பைத் திறந்தபடியே வைத்து, போனை மாமனாரிடமே விட்டுப் போனாள். துணி விற்கும் ஒரு இணையக் கடையில் அவள் எப்போதோ கணக்கு ஆரம்பித்திருந்தாள். கெட்டிக்காரியல்லவா, இரண்டு பாஸ்வேர்டு எதற்கு என்று ஆபீஸ் பாஸ்வேர்டையே அங்கேயும் போட்டிருந்தாள். அந்தக் கடையிலிருந்து அதைத் திருடியவன் எவனோ, எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு, அதே நேரத்தில் அவள் பெயரில் ஆபீஸ் கதவைத் தட்டினான்.

போன் கேட்டது. மருமகள் வெளியே போயிருப்பது மாமனாருக்குத் தெரியும், வாசல் கதவைப் பூட்டிய சத்தம் காதில் விழுந்திருந்தது. தொடவில்லை. மறுபடி கேட்டது. மறுபடியும். "அம்மா?" என்று கூப்பிட்டுப் பார்த்தார். கேட்காதே என்று சொல்லியிருக்கிறாளே, ஒருவேளை கடையிலிருந்தே ஏதோ செய்கிறாளோ, நான் பிடிவாதம் பிடித்து அவள் வேலை கெட்டுப்போனால் என்று யோசித்தார். பச்சையைத் தொட்டார். இதையெல்லாம் அவரே பின்னால் அவளிடம் சொன்னார், தப்பு தன்னுடையது என்கிற மாதிரி.

மறுநாள் காலை கிடங்கிலிருந்த கம்ப்யூட்டர் எல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டன. இருப்பு எவ்வளவு, எது யாருக்கு, ஒன்றும் தெரியவில்லை. லாரிகள் வரிசையில் நின்றன. இன்ஜினின் மகள் போன் செய்து, கையால் எழுதி எழுதி விரல் வீங்கிப்போச்சு என்று அழாத குறையாகச் சொன்னாள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போக வேண்டிய இன்சுலின் பெட்டி எந்த அலமாரியில் என்று தெரியாமல் அரை நாள் தேடி, கடைசியில் கிடங்குக்காரர் ஒருவர் தன் வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாராம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பது மருமகளுக்குத் தெரிந்தது.

பூட்டு கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுவே பயமாக இருந்தது. உள்ளே வந்தவன் அவள் பெயரில்தான் வந்திருக்கிறான், அவள் போனில்தான் பச்சை தொடப்பட்டிருக்கிறது என்றார். "அந்த நேரத்துல போன் யாரு கையில இருந்துச்சு? உள்ளதைச் சொல்லுங்க."

அவள் சாப்பாட்டு மேசையருகே நின்றிருந்தாள். மாமனார் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நீள அறை ஞாபகம் வந்தது.

"எங்க மாமனாருக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்லைங்க. யாரு எவருன்னு தெரியல. கையில எது கிடைச்சாலும் அமுக்கறாரு. நான் குளிக்கப் போன நேரத்துல போனை எடுத்திருக்காரு. இவ்வளவு முத்திப் போச்சுன்னு எனக்கே தெரியல."

எழுதி வைத்துப் படித்தது மாதிரி வந்தது. பொய் சொல்லக் கற்றுக்கொள்ள யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. மறுமுனையில் பூட்டின் குரல் இறங்கிவிட்டது. அப்படியா, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை தர வேண்டும், நாளைக்கு வீடியோவில் பெரியவரை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், தப்பாக நினைக்கக்கூடாது என்றார்.

போனை வைத்தபோது, உள்ளே செய்தித்தாள் புரளும் சத்தம் நின்று போயிருப்பதைக் கவனித்தாள். அறைக்குள் போனாள். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"எப்ப பேசறாங்களாம்?" என்றார், திரும்பாமல்.

அவள் அழுதாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொன்னாள்தான், ஆனால் வேண்டாம் என்று அவர் தடுக்க வேண்டும் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னாள். அது அவளுக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும், காதுதான் கூர்மையாயிற்றே.

"சொன்னா என்ன ஆகும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்," என்றார். "விடும்மா. டிக்கெட் இல்லாதவன் எத்தனை பேரு என் முன்னாடி ஊமையா நடிச்சிருக்கான், பைத்தியமா நடிச்சிருக்கான். பாத்துப் பாத்து நானும் கொஞ்சமாவது கத்துக்கிட்டிருக்க மாட்டேனா?"

மறுநாள் காலை முகம் மழிக்க வேண்டாம் என்றார். கண்ணாடியைக் கழற்றி எட்ட வைக்கச் சொன்னார். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளி மாற்றிப் போடச் சொன்னார். மாற்றிப் போட்டது அவள் கைதான். போட்டு முடித்து, சரியாகக் கோணலாக இருக்கிறதா என்று ஒரு எட்டு தள்ளி நின்று பார்க்கவும் செய்தாள்.

வீடியோவில் பூட்டு குழந்தையிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். தாத்தா சாப்பிட்டீங்களா என்றார். மாமனார் சிரித்தார். என்ன வேலை பார்த்தீங்க என்றார். மாமனார் திரையைத் தொட்டுப் பார்த்து, அதன் பின்னால் எட்டிப் பார்த்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து வாயோரம் எச்சில் வழிந்துவிடக் கூடாதென்று கைக்குட்டையை உள்ளங்கையிலேயே வைத்திருப்பவர் அவர். அன்றைக்கு அதைத் துடைக்கவில்லை. அது மெல்ல இறங்கிக் கோணல் சட்டையில் விழுந்தது.

"பக்கத்துல நிக்கறாங்களே, இவங்க யாரு?" என்று பூட்டு கேட்டார்.

மாமனார் திரும்பி அவளை நிதானமாகப் பார்த்தார். "தெரியல. நல்ல பொண்ணு. சாப்பாடு போடுது."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பித்தோம் என்கிற நிம்மதிதான் அவளுக்கு முதலில் வந்தது, வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது. அந்த வரிசையை அவளால் அதன் பிறகு மன்னிக்கவே முடியவில்லை. பூட்டு தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். எங்கம்மாவும் கடைசியில் இப்படித்தான் இருந்தாங்க, பத்திரமாப் பார்த்துக்கோங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

எச்சரிக்கையோடு விட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மேனேஜரம்மா பழக்கூடை ஒன்று அனுப்பினாள். நோயாளி இருக்கும் அறையில் போன் இருக்க வேண்டாமென்று ஆபீஸ் செலவிலேயே கூடத்துக்கு இணைய இணைப்பு போட்டுக் கொடுத்தார்கள். இப்போது பச்சையை மட்டும் தொட்டால் போதாது, லேப்டாப்பில் தெரியும் எண்ணைப் போனில் அடித்தால்தான் வழி திறக்கும். எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மாமனாருக்கு உத்தியோகம் போயிற்று. அவரே அப்படிச் சொல்லிச் சிரித்தார், ஆனால் காலையில் துவைத்த சட்டை கேட்பதை விட்டுவிட்டார். நம் இரண்டு பேரோடு இது போகட்டும், மகனுக்குக்கூடச் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இந்தக் கெட்டிக்காரியின் புளுகுக்கு ஆயுள் கெட்டியாக இருந்தது, அதற்குத் தினமும் தீனி போட மாமனார் இருந்தார்.

ஊர் வாயை மூட உலை மூடி ஏது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த இன்ஜின் திரும்பி வந்ததும் மகள் அவரிடம் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் படியில் மூச்சுச் சத்தம் நின்று நின்று வந்தது. அறை வாசலில் வந்து சிநேகிதரைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "நான் யாருன்னு தெரியுதா?" என்று உரக்கக் கேட்டார். மாமனார் மருமகளைப் பார்த்தார். பிறகு இன்ஜினைப் பார்த்துச் சும்மா சிரித்தார். இன்ஜினிடம் உண்மையைச் சொன்னால் அது மகளுக்குப் போகும், மகளிடமிருந்து ஆபீசுக்குப் போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

இன்ஜின் பலகையை விரித்தார். அவள் தேநீர் கொண்டுவந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இன்ஜின் தன் ராணியைக் கொண்டுபோய் மாமனாரின் யானைக்கு நேர் எதிரே நிறுத்தினார். தெரியாமல் வைக்கிற ஆள் இல்லை அவர். எடுத்துக்கோ என்று வைத்திருக்கிறார். மாமனார் அதைப் பார்த்தார். அவர் முகம் ஒரு கணம் இறுகியது. அப்புறம் யானையைத் தொடாமல், குதிரையைச் சிப்பாய் மாதிரி நேராக ஒரு கட்டம் தள்ளி வைத்தார். இன்ஜின் கத்தவில்லை. "நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம்" என்று சொல்லி, இன்னொரு காயையும் வெட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். மாமனார் அதையும் விட்டுவிட்டு, கட்டங்களுக்கு நடுவில் கோட்டின் மேல் ஒரு காயை நிறுத்தினார். நன்றாக ஆடத் தெரிந்த இரண்டு பேர், நான் முந்தி நீ முந்தி என்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவளால் தாங்க முடியவில்லை. ஆபீஸ் போனால் போகட்டும் என்று தோன்றியது. தேநீரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பெரியப்பா, மாமாவுக்கு ஒண்ணுமில்ல. உங்களையும் என்னையும்விடத் தெளிவா இருக்காரு. போனைத் தொடச் சொன்னது நான். தப்பிக்கறதுக்கு அவர்மேல பழியைப் போட்டதும் நான்தான்."

இன்ஜின் அவளைப் பார்த்தார், சிநேகிதரைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆசை வந்தது. "டேய்," என்றார் பழைய குரலில். "நிஜமாவா?"

மாமனார் ஆமாம் என்று சொன்னால் போதும். அவருடைய இடது கை எழுந்தது. பலகையிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

பல்லில் மரம் கடிபடும் சத்தம் கேட்டது. இன்ஜின் பாய்ந்து எழுந்ததில் பலகை கவிழ்ந்தது. ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலை வாய்க்குள் விட்டு, துப்புப்பா, துப்பிடுப்பா என்று சொல்லிச் சொல்லிக் காயை வெளியே எடுத்தார். தோளிலிருந்த துண்டால் அவர் வாயைத் துடைத்தார். ஆசை போய்விட்ட முகத்தை மருமகள் பக்கம் திருப்பினார்.

"கூடவே இருக்கறவங்களுக்கு ஒத்துக்க மனசு வராதும்மா," என்றார். "எனக்குப் புரியுது. ஆனா இப்படியெல்லாம் ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு இருக்காதே. உன்னையும் ஒரு மாதிரியா நினைச்சுடுவாங்க."

அவர் தோளுக்கு மேலாக மாமனாரின் கண் தெரிந்தது. தெளிவான கண். வாயை மூடு என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜின் இறங்கிப் போனபின் மாமனார் அவளைக் கூப்பிட்டார். கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிறது, உப்புத் தண்ணீர் வேண்டும் என்றார். கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தரம் இப்படி வாயைத் திறந்தேன்னா நான் உன்கூடப் பேசமாட்டேன். எனக்கு இந்த ஜன்னல் போதும்." அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பூட்டிடமே போய்ச் சொல்லியிருக்கலாம், ஒரு போன் போதும். அவள் போடவில்லை. மாமா பேசமாட்டார் என்பதால்தான் போடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அது முழு உண்மை இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் இன்ஜின் பலகை இல்லாமல் வந்தார். சின்னச் சின்னச் சாமான் எதுவும் கைக்கெட்டற மாதிரி வைக்காதம்மா என்று அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து சிநேகிதரின் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கூடத்தில் மருமகள் ஆஸ்பத்திரி லாரிக்குச் சரக்குப் பிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"இன்னிக்கு வியாழக்கிழமை," என்று இன்ஜின் உரக்க, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "எங்கே, நீ சொல்லு பாக்கலாம். என்ன கிழமை?"

மாமனார் எவ்வளவு நேரம் யோசிக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் யோசித்தார்.

"செவ்வாய்," என்றார்.

"பரவாயில்ல," என்று இன்ஜின் அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்ல, பரவாயில்ல."